டிக்கட் எடுங்கள், கேள்வி கேட்டு எடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வருபவர்கள் கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

சீசன் லீவு முடிந்து பாடசாலை தொடங்கிய அன்று, லீவில் என்ன செய்தீர்கள் என்று தரம் 8 பிள்ளைகளிடம் கேட்டேன். ஒரு மகன் எழும்பினான். "சேர், ரேஸ் பார்க்கப் போனோம். டிக்கட் எடுக்கல்ல. வாப்பா தேயிலைக்குள்ளால கூட்டிட்டுப் போனாரு. வளைவுலயே நின்னோம், கல்லு மூஞ்சில தெறிச்சிச்சு." வகுப்பே கை தட்டியது. எனக்குத் தட்ட மனம் வரவில்லை.

நான் ரேஸுக்கு எதிரி இல்லை. மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. ராதெல்லவும் அப்படித்தான், நம் தேயிலை மலைக்குள் நடக்கும் போட்டி. சின்ன வயதில் நானும் வாப்பாவின் தோளில் இருந்து பார்த்தவன். என் சண்டை ரேஸோடு இல்லை. "டிக்கட் இல்லாமல் உள்ளே போனோம்" என்பதை வீரமாகப் பேசும் நம் பழக்கத்தோடுதான்.

2024 ஏப்ரல் 21 மறந்துவிட்டதா? தியத்தலாவை பொக்ஸ் ஹில்லில் பாதையை விட்டு விலகிய கார் சனத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் எட்டு வயதுப் பெண் பிள்ளையும் இருந்தாள். பாதையோரத்தில் கடமையில் நின்ற உதவியாளர்களும் இருந்தார்கள். அந்த வேலைக்கென்றே நின்றவர்களாலேயே தப்ப முடியவில்லை. நீங்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாய்ந்து தப்புவீர்களா?

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 100 கிலோமீற்றர் என்றால் ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 28 மீற்றர். "ஐயோ" என்று நீங்கள் வாய் திறக்கும் முன் கார் உங்களிடம் வந்துவிடும். அதுவும் பிடி விட்ட கார் வளைவின் வெளிப்பக்கம்தான் போகும். நல்லாத் தெரியும் என்று நாம் தேடிப் போய் நிற்பதும் அங்கேதான்.

இத்தாலியில் மில்லே மில்லியா என்று ஊர் வீதிகளில் ஓடிய பெரிய போட்டி ஒன்று இருந்தது. வீதியோரம் எல்லாம் சனம் நிற்கும். 1957இல் ஒரு காரின் டயர் வெடித்து, பார்த்துக்கொண்டு நின்ற ஒன்பது பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் சிறுவர்கள். அதோடு அந்த வேகப் போட்டியையே நிறுத்தினார்கள்.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் சேர்" என்று கொமெண்ட் போடப் போகும் சகோதரரே, கொஞ்சம் பொறுங்கள். ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசக் கூடாது என்று மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். பிள்ளையை வளைவில் நிறுத்திவிட்டு கத்ரைப் பற்றிப் பேசாதீர்கள்.

"காசு எங்கே இருக்கு?" என்று கேட்பவருக்கு நான் பதில் சொல்லத்தான் வேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளத்தை 1350 ரூபாய் ஆக்கினார்கள். அந்தச் சம்பளத்தில் ஐந்து பேருக்கு டிக்கட் எடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. எந்தத் தோட்டத்தின் பாதையில் கார் ஓடுகிறதோ, அந்த லயத்துப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான ஓர் இடத்தை இலவசமாக ஒதுக்க வேண்டியது போட்டி நடத்துபவர்களின் கடமை. அதைச் சேர்ந்து போய்க் கேட்போம். களவாக ஏறிப் போனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய் நமக்கு இல்லாமல் போகும்.

டிக்கட் விற்பவர்களுக்கும் ஒன்று. ஒருமுறை நான் காசு கொடுத்து வாங்கிய துண்டில் இலக்கமும் இல்லை, நிற்கும் இடமும் இல்லை. எங்கே நிற்பது என்று கேட்டேன். "விரும்பின இடத்தில நில்லுங்க" என்றார்கள். வளைகுடாவில் வேலை செய்யும் நம் பிள்ளைகளிடம் கேளுங்கள். பஹ்ரைனில் போர்முலா வன் பார்க்கப் போனால் எந்த மேடை, எந்த வரிசை, எந்த ஆசனம் என்று டிக்கட்டிலேயே இருக்கும். அந்த அளவு வேண்டாம். வேலி எங்கே, அம்புலன்ஸ் எங்கே, எத்தனை பேருக்கு இடம் என்றாவது சொல்லலாம்தானே?

ஆகவே அடுத்த சீசனுக்கு மூன்று விஷயம். டிக்கட் வாங்கும்போது நிற்கும் இடம் எது என்று கேளுங்கள். சரியான பதில் இல்லாவிட்டால் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். தேயிலைக்குள்ளால் ஏறும் பெரியவரைக் கண்டால் "நானா, அண்ணே, இறங்குங்க" என்று சொல்லுங்கள்.

அந்த மகனின் வாப்பா என்னோடு படித்தவர். இதை வாசிப்பார். மச்சான், கோபிக்காதே. உன் மகன் கெட்டிக்காரன். அடுத்த வருடமும் அவன் பெயரை நான் இடாப்பில் கூப்பிட வேண்டும், அவன் "பிரசன்ட் சேர்" என்று சொல்ல வேண்டும். இன்ஷா அல்லாஹ்.