சித்திரையில் பட்டணம் வருவோர்

பள்ளிக்கூடங்களில் பரீட்சைகள் முடிந்ததும் ஜில்லாக்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் சென்னைக்கு வந்து சேருவது வருஷந்தோறும் நடைபெறும் காரியம். 1908-ல் திறக்கப்பட்ட எழும்பூர் ரயில் நிலையமும், 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பஸ் நிலையமும் சித்திரை மாதத்தில் திருவிழாக் கோலம் பூண்டுவிடுகின்றன. வந்தவர்களில் பெரும்பாலோர் தியாகராய நகர்க் கடைவீதியில் பகலைக் கழித்து, உச்சி வெயிலில் மெரீனா மணலில் கால் சுட நடந்து, களைப்பையும் தலைவலியையும் துணிப்பைகளையும் சுமந்துகொண்டு ஊர் திரும்புகின்றனர். பட்டணத்தைப் பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கின்றனர். பட்டணத்தின் கடைகளைப் பார்த்தார்கள் என்பதே பொருந்தும். இதற்காக அவர்களை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. வந்தவரை வாடிக்கைக்காரராக மட்டும் கருதுகிற நகரத்தில் அவர் வேறு எவ்வாறு நடந்துகொள்வார்? ஆகவே வருகிறவர்களுக்கும் வரவேற்க வேண்டியவர்களுக்கும் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

முதலில் காலத்தைக் கவனிப்போம். கத்திரி வெயில் மே மாதத்தின் முதல் வாரத்தில் பிறக்கிறது. அதற்கு முற்பட்ட நாட்களே வெளியூராருக்கு ஏற்றவை. பகலில் தரை சூடேற, அதன்மேலுள்ள காற்று இலேசாகி எழும்புகிறது. அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உட்புகுகிறது. இக்கடற்காற்றே சென்னைவாசிகளுக்கு உயிர் கொடுப்பது. மேல்காற்று பலத்து வீசும் நாட்களில் இது வரத் தாமதிக்கும். அன்றுதான் வெயில் உக்கிரங்கொள்ளும். 2003-ம் வருஷம் மே மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் வெப்பம் 45 டிகிரியை எட்டியது. எனவே காலையில் நடை, பகலில் கூரையின் நிழல், மாலையில் கடற்கரை என்று நாளை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறவர் இந்நகரத்தை ஜெயித்தவராவார். இடையிடையே நுங்கும் இளநீரும் நீர்மோரும் இருக்க, வர்ணமேற்றிய சர்க்கரைத் தண்ணீருக்குக் காசு கொடுப்பானேன்?

காலை வேளைக்கு மயிலாப்பூர் மாட வீதிகளும் திருவல்லிக்கேணித் தெருக்களும் போதும். கபாலீசுவரர் கோயிலையும் பார்த்தசாரதிப் பெருமாள் கோயிலையும் நடை சாத்துமுன் தரிசிக்கலாம். வெயில் ஏறுமுன் குளக்கரையைச் சுற்றி வரலாம். திருவல்லிக்கேணிக்குச் சென்றவர் பாரதியார் தம் கடைசி நாட்களில் வசித்த இல்லத்தைக் காணாமல் திரும்பலாகாது. 1921-ல் அவர் அங்கே உயிர்நீத்தபோது தமிழ்நாடு அவருக்குச் செய்தது மிகச் சொற்பம். இன்று அவ்வீட்டின் வாயிலை மிதிப்பதாவது நாம் செய்யக்கூடிய கைம்மாறு.

நடுப்பகலுக்கு உரிய இடம் எழும்பூர்ப் பொருட்காட்சிச்சாலை. 1851-ல் ஏற்பட்ட இதனைப் பழைய பட்டணத்தார் ‘செத்த காலேஜ்’ என்று வேடிக்கையாக அழைத்தனர். மிருகக்காட்சிச்சாலை அவர்களுக்கு ‘உயிர் காலேஜ்’. பெயர் வேடிக்கையாயினும் உள்ளேயிருப்பவை வேடிக்கைப் பொருள்களல்ல. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர் அங்கே ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு புதையுண்டிருந்த பொருள்களைக் காண்பார். திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் ஆடிக்கொண்டிருக்கிறார். கிருஷ்ணா நதிக்கரை அமராவதியின் சுண்ணாம்புக்கற் சிற்பங்களும் அங்கே இருக்கின்றன. அடுத்த வாயிலில் 1896-ல் திறக்கப்பட்ட கன்னிமரா நூல் நிலையம். பெஸன்ட் நகரிலுள்ள மகாமகோபாத்தியாய சாமிநாதையர் நூல் நிலையத்தில், அவர் ஊர் ஊராய் அலைந்து சேகரித்த ஏட்டுச் சுவடிகள் காக்கப்படுகின்றன. பட்டணத்தின் செல்வம் என்று நாம் மார்தட்டுவது யாவும் ஜில்லாக்கள் கொடுத்த செல்வமே. அப்படியிருக்க, கிராமத்திலிருந்து வந்தவர் இங்கே கூச்சத்துடன் ஒதுங்கி நிற்பது எதற்கு? அவர் தம் பாட்டனாரின் சொத்தைப் பார்வையிட வந்த உரிமைக்காரர்.

தேச ஊழியத்தில் நாட்டமுள்ள வாலிபர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலுள்ள காட்சிச்சாலைக்கும் போகவேண்டும். 1947 ஆகஸ்ட் 15-ந் தேதி அக்கோட்டைக் கொடிமரத்தில் பறந்த மூவர்ணக் கொடி அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. அந்நியர் வர்த்தகம் செய்ய மணல்வெளியில் எழுப்பிய கோட்டை அது. அவர்களுடைய ஆதிக்கம் நீங்கியதற்குச் சாக்ஷியும் அதே கோட்டைக்குள் இருக்கிறது. இதைவிடச் சிறந்த சரித்திர பாடத்தை எந்தப் பள்ளிக்கூடம் கற்பிக்கும்?

மாலையில் கடற்கரை. 1907 மே மாதத்தில், இதேபோன்றதொரு கோடையில், விபின சந்திர பாலர் இம்மணலில் நின்று சுயராஜ்யத்தைப் பற்றிப் பேசினார். 1923 மே முதல் தேதி சிங்காரவேலர் தொழிலாளர் தினத்தை நடத்தியதும் இங்கேதான். தேவி பிரசாத் ராய் சௌதுரி வடித்து 1959-ல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை இம்மணலோரத்தில் நிற்கிறது. குழந்தைகளைச் சிலைக்கு முன் நிறுத்திப் படம் எடுப்பவர்கள் இவ்விஷயத்தையும் அவர்களுக்குச் சொன்னால் நன்று. சித்திரை இரவுகளில் பெஸன்ட் நகர்க் கரையோரமாக ஆமைக்குஞ்சுகள் கடல் சேரும் காட்சியும் உண்டு. தாயாமைகள் இட்ட முட்டைகளை வனத்துறையாரும் மாணவர் குழுவினரும் காத்து, ஏறக்குறைய 45 நாட்களுக்குப் பின் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். இதைக் காணக் கட்டணக் கொட்டகை எதற்கும் போகவேண்டியதில்லை.

ஆயினும் கடலைப் பற்றி எச்சரிக்கை செய்யாமலிருப்பது குற்றமாகும். மெரீனாவின் அகன்ற மணற்பரப்பு முழுவதும் பூர்வகாலந்தொட்டு இருந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்தின் கற்சுவர்கள் எழுந்த பின், தெற்கிலிருந்து அலைகள் தள்ளிவரும் மணல் அவற்றால் தடுக்கப்பட்டு இங்கே குவிந்தது. மணல் கிடைக்காத வடகரையைக் கடல் அரித்தது. கரையோரத்தில் ஆழம் சடுதியில் மிகும். பின்வாங்கும் அலை காலை வாரிவிடும். நீந்துவதற்குப் போலீஸார் தடை விதித்திருப்பதன் காரணம் இதுவே. இருந்தும், ஏரியிலும் கிணற்றிலும் நீந்திப் பழகிய தைரியத்தால் வெளியூர்ப் பிள்ளைகள் இறங்கிவிடுகின்றனர். கோடை விடுமுறைக்கு வந்த வீட்டில் அழுகுரல் எழுவதைக் காட்டிலும் கொடிய துயரம் வேறென்ன? கணுக்கால் நனைந்தால் போதும் என்று பெற்றோர்கள் உறுதியாக இருக்கவேண்டும்.

இனி, அதிகாரிகளுக்கும் நகரவாசிகளுக்கும் நாம் சொல்லவேண்டியது. சித்திரை, வைகாசி இரு மாதங்களிலும் காட்சிச்சாலைகளை மாலை ஐந்து மணியோடு மூடிவிடாமல் இரவு எட்டு மணி வரை திறந்து வைக்கவேண்டும். காட்சிப் பொருள்களின் வரலாற்றைத் தமிழில் விளக்கிச் சொல்லத் தக்க மாணவர்களை ஊதியம் கொடுத்து அமர்த்தவேண்டும். ரயில் நிலையம், பஸ் நிலையம், கடற்கரை ஆகிய இடங்களில் காசில்லாத குடிநீரும் நிழலும் கட்டாயம் இருக்கவேண்டும். மணலில் உயிர்காப்பாளர்கள் போதிய தொகையில் நிற்கவேண்டும். இவற்றில் எதுவும் ஆகாயக் கோட்டை அன்று.

“வருகிறவர்களுக்கு இவற்றில் அக்கறை எங்கே? கடையும் கேளிக்கையுமே அவர்கள் வேண்டுவது” என்று சிலர் கூறுகின்றனர். இக்கூற்றை நாம் ஒப்பவில்லை. வழியைக் காட்டாமலே, போகவில்லை என்று பழிப்பது எந்த தர்மம்? தேர்த் திருவிழாவுக்குப் பத்து மைல் நடந்து சென்று, நின்று பார்த்து, கதை கேட்டு, பிள்ளைகளுக்கும் அதைச் சொன்ன ஜனங்களல்லவா இவர்கள்? செலவாகும் என்பாரும் உண்டு. வெளியூரார் வருகையால் நகரத்து வியாபாரம் பெருகுகிறது. அவர்கள் கொடுக்கும் வரியில் ஒரு சிறு பங்கைத் தண்ணீராகவும் நிழலாகவும் திருப்பித் தருவது தானமன்று, கடமை.

முற்காலத்தில் பெருவழிகளில் சத்திரமும் தண்ணீர்ப் பந்தலும் சுமைதாங்கியும் வைத்தவர்கள் நம்மவர்கள். வழிப்போக்கரின் ஊரையோ குலத்தையோ விசாரித்தபிறகு தாகம் தீர்த்ததாக அவர்கள் பெருமைப்பட்டதில்லை. அந்த அறம் தலைநகரத்தில் வற்றிப் போகலாகாது. ஊர்ச் சங்கங்களும் வாலிபர் குழுக்களும் அரசாங்கத்தின் உத்தரவுக்குக் காத்திராமல், இந்தச் சித்திரையிலேயே தெருவுக்கு ஒரு பானையும், காட்சிச்சாலைக்கு ஒரு தொண்டரும் என்று ஆரம்பித்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.