நம் நகரத்துச் சங்கீதகாரர் ஒருவர்

1908 முதல் 1918 வரை பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்தார். இங்கு அவர் பாடிய பாடல்களை நம் மாணவர் மனனமாய் அறிவர். அவர் இருந்த இல்லத்தையும் சென்று காண்பர். அது தக்கதே. ஆயின், இந்நகரிலேயே தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்து 1998-இல் மறைந்த மற்றோர் இசையாளரைப் பற்றி வினவினால் அவர்களே விழிப்பர்.

அவர் சுனில் பட்டாசார்யா என்பார். 1920-இல் வங்காளத்திற் பிறந்து, ஸ்ரீ அரவிந்தாசிரமத்தை அடைந்து, அதன் கல்விக்கூடத்தில் ஆசிரியராய் அமர்ந்தவர். புத்தாண்டுதோறும் ஆசிரமத்து அன்னை ஆர்கன் வாசித்தல் வழக்கமாயிருந்தது. 1965 முதல் அப்பணி சுனிலிடம் வந்தது. ஏறத்தாழ 24,000 அடிகளையுடைய அரவிந்தரின் 'ஸாவித்ரி' என்னும் ஆங்கிலக் காவியத்திற்கும் அவர் நெடுங்காலம் இசை அமைத்தார்.

இவ்விசை யாது? ராகச் சாயல் உண்டு. ராக ஆலாபனை அன்று. பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் மேனாட்டு முறையும் உண்டு. ஐரோப்பிய ஸிம்பொனியும் அன்று. ஆர்கனும், பின்னாளில் மின்சார வாத்தியங்களும் அதிற் கலந்தன. நம் கர்நாடக ரசிகர், "என்ன ராகம்? என்ன தாளம்?" என்று கேட்டு, விடை வாராமையின் எழுந்து போவர். ஆசிரம அன்பரோ தியானத்திற்குத் துணையென்று கண்மூடி அமர்வர். முன்னவர் கேட்கவே இல்லை; பின்னவர் சங்கீதமாகக் கேட்கவில்லை என்பதே என் குறை. குற்றங்களும் இல்லாமலில்லை: சில பகுதிகள் வேண்டியதினும் நீள்வன, மின்சார வாத்திய ஒலி சிலவிடத்து இன்று பழமை தட்டியிருக்கிறது. இவற்றை எடுத்துச் சொல்வாரும் இலர் என்பதே அவருக்கு நேர்ந்த பெருங்குறை.

தியாகராஜ சுவாமிகள் 1847-இல் மறைந்தார்; சீடர் கண்டங்களில் அவர் கீர்த்தனங்கள் தொடர்ந்து வாழ்கின்றன. சுனிலின் இசைக்கோ அத்தகைய பாடாந்தரம் இல்லை. அஃது ஒலிப்பதிவிலேயே உயிர்த்திருப்பது. கேட்பார் அற்றால், ஒலிநாடா எத்துணைப் பத்திரமாய்ப் பெட்டியில் இருந்தும் பயன் யாது?

ஆதலின் நம் கல்லூரிச் சங்கீத சபையார் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குவாராக. ஊதுவத்தி வேண்டா, உபந்நியாசமும் வேண்டா. கர்நாடக வித்வான் ஒருவரும் பியானோ கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரும் உடனிருந்து, கேட்டபின் மாணவரோடு வழக்காடட்டும். முதற்கண் 'ஸாவித்ரி' இசையைக் கேட்பிக்க. புத்தாண்டு இசை அதன் பின்னர் ஆகலாம்.