கடைசி வாங்குப் பிள்ளைகள்

விழாமலர்களிலே ஆசிரியத் தொழிலின் மாண்பை எடுத்துப் புகழ்தல் மரபு. அம்மரபைப் பிறர் செவ்வனே பேணுவர் என்னும் துணிவினால், நாம் இங்கு வகுப்பறையின் நாளாந்தத் தொல்லை ஒன்றினைப் பற்றியே எழுதப் புகுந்தோம். ஆறாம் வகுப்புக்கு வந்தும் தமிழை வாசிக்கமாட்டாத பிள்ளையை வைத்துக்கொண்டு ஆசிரியர் யாது செய்வது என்பதே அது.

இப்பிள்ளை நமக்குப் புதியவன் அல்லன். ஆயினும் முன்னாளில் அவன் நெடுங்காலம் வகுப்பில் இருந்ததில்லை. வல்வெட்டித்துறை கடலோடிகளின் ஊர். இவ்வூரிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோசுற்றர் துறைமுகத்தை அடைந்த வரலாற்றை இம்மலரைப் படிப்போர் நன்கறிவர். படிப்பு ஏறாத பையன் அந்நாளிற் கப்பல் ஏறினான். பின்னாளில் வள்ளம் ஏறினான். தண்டையலிடம் திசையும் காற்றும் கற்றுக்கொண்டான். பள்ளிக்கூடம் அவனை மறந்துவிட்டது. இன்று அவ்வாறு மறத்தற்கு வழியில்லை. 1998 முதல் 14 வயது வரையும், 2016 முதல் 16 வயது வரையும் பிள்ளைகள் பாடசாலைக்கு வருதல் கட்டாயமாக்கப்பட்டது. சட்டம் பிள்ளையை வாங்கில் இருத்திவிட்டது. எழுத்தறிவித்தல் நம் பொறுப்பாயிற்று. அதன்மேல் 2020 பங்குனியிற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டு முதலாம் வகுப்பிற் சேர்ந்து, எழுத்தறிய வேண்டிய பருவத்தைக் கைத்தொலைபேசித் திரையின் முன்னும், அதுவும் இல்லாத வீடுகளில் முற்றத்திலும் கழித்த பிள்ளைகளே 2025 இல் ஆறாம் வகுப்புக்கு வந்தார்கள்.

ஆசிரியர் ஓய்வறையில் இவர்களைப் பற்றிப் பேச்செழும்போது, நம்மவர் சிலர் நன்னூலைத் துணைக்கு அழைப்பர். பொதுப்பாயிரத்திலே கடைமாணாக்கருக்குப் பவணந்தி முனிவர் கூறிய இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்னும் நான்கு உவமைகளும் அவர்களுக்கு மனப்பாடம். “அவன் இல்லிக்குடம் ஐயா, எவ்வளவு வார்த்தாலும் நில்லாது” என்பர். அப்பாயிரமே ஆசிரியராகாதோர்க்கும் நான்கு உவமை கூறியிருத்தலை ஏனோ அவர்கள் நினைப்பதில்லை. கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்பன அவை. மடற்பனையை யாழ்ப்பாணத்தார்க்கு விளக்கவேண்டியதில்லை. தானே பழம் விழுத்தினாலன்றி அது அண்ட விடாது. முடத்தெங்கோ ஒருவர் வளவில் நின்று நீருண்டு அயலவர் வளவிலே காய் சொரிவது. பகலிலே பாடசாலையில் அரைகுறையாய் நடத்திய பாடத்தை, மாலையிலே அதே பிள்ளைகளுக்குக் கட்டணம் பெற்று முழுமையாய் நடத்துவோர்க்கு இவ்வுவமை எத்துணைப் பொருத்தம்! ஊதியம் போதாமை உண்மையே. நாம் அதனை மறுக்கவில்லை. ஆயினும் கட்டணம் கொடுக்க மாட்டாத பிள்ளையே பெரும்பாலும் கடைசி வாங்கில் இருக்கின்றான்.

இனிச் செய்யத்தக்கவற்றைக் கூறுவோம். தவணை தொடங்கும் முதற்கிழமையிலே ஒவ்வொரு பிள்ளையையும் மேசையருகில் அழைத்து ஐந்தாறு வரி வாசிக்கக் கேட்டல் வேண்டும். வகுப்பு முழுவதும் கேட்க எழுப்பி வாசிப்பித்தல் ஆகாது. வாசிக்கமாட்டாதவன் அவ்வேளையிற் பகடி பண்ணித் தப்புவான். அல்லது மறுநாள் வரவே மாட்டான். ஒருவர்க்கு 3 நிமிடமாக 40 பேரைக் கேட்க 2 மணித்தியாலமே செல்லும். பிள்ளை எங்கே தடக்குகின்றான் என்பதைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். இவர்களுட் பலர் எழுத்தே அறியாதவர் அல்லர். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் காலொடு சேரும் ஒகர ஓகார வரிசைகளிலேயே தடுமாறுகின்றார்கள். இடம் தெரிந்துவிட்டாற் பாதி வேலை முடிந்தது.

நாவலர் பெருமான் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர். புராணங்களை வசனமாக்கவும் கண்டனங்கள் எழுதவும் வல்ல அவரே எழுத்துப் பழகும் பிள்ளைக்குப் பாலபாடமும் எழுதினார். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கையில் இரண்டாம் வகுப்பு நூலைக் கொடுத்தல் நமக்கு இழுக்கன்று. அதன் அட்டைக்குக் கடதாசி உறை போட்டுக் கொடுத்தால் அவனுக்கும் வெட்கமில்லை.

கெட்டிக்காரப் பிள்ளையைக் கடைசி வாங்குக்கு அனுப்பிப் பக்கத்தில் இருத்தினால், “என் பிள்ளையின் நேரம் வீணாகின்றதே” என்று பெற்றார் முறையிடுவர். அவர்களுக்கும் நன்னூலே விடை தருகின்றது. ஆசிரியர் சொல்லக் கேட்பதாற் பெறுவது காற்பங்கு; உடன் கற்போரோடு பயில்வதாற் பெறுவது இன்னொரு காற்பங்கு; பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே எஞ்சிய அரைப்பங்கு நிரம்பும் என்பது அந்நூலின் கருத்து. எனவே கற்பிக்கின்ற பிள்ளையே பேரூதியம் பெறுகின்றது.

கட்டுரைக் கொப்பி திருத்துதல் தமிழாசிரியர்க்கு வாய்த்த தனித்துன்பம். பிழை ஒவ்வொன்றையும் சிவப்பு மையாற் சுழித்துத் திருப்பிக் கொடுத்தாற் பிள்ளை புள்ளியை மாத்திரம் பார்த்துக் கொப்பியை மூடிவிடுகின்றான். ஒரு கிழமைக்கு ஒருவகைப் பிழையே திருத்துவோம்: இக்கிழமை லகர ளகரம், வருங்கிழமை ரகர றகரம். தலைப்பையும் மாற்றவேண்டும். விமானத்தையே கிட்ட நின்று பாராத பிள்ளையிடம் விமானப் பயணம் பற்றி எழுதக் கேட்பானேன்? தகப்பன் வலை பொத்தும் முறையை எழுதுக என்றால், அல்லது சோழகத்துக்கும் வாடைக்கும் கடல் எவ்வாறு வேறுபடும் என்று வினவினால், அதுவரை வாய்திறவாதவன் வகுப்புக்கே ஆசிரியனாவதை நாம் கண்டிருக்கின்றோம். அவன் சொல்லட்டும், பக்கத்திலிருப்பவன் எழுதட்டும், பின்னர் அவன் தன் சொற்களைத் தானே வாசிப்பான்.

பிரம்பைப் பற்றி ஒரு சொல். “அந்நாளில் அடித்தல்லவா எங்களை ஆளாக்கினார்கள்” என்று பழைய மாணவர் பெருமையோடு கூறுவர். அடிக்கு அஞ்சிப் பள்ளியை விட்டவர்கள் பழைய மாணவர் கூட்டத்துக்கு வருவதில்லையாகலின் அவர்கள் சொல்லை நாம் கேட்பதில்லை. கல்வி அமைச்சின் 2005 ஆம் ஆண்டுச் சுற்றுநிருபம் உடற்றண்டனையை விலக்கியது. அறை வாங்கிச் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் வழக்கில், 2021 இல், உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மீறப்பட்டதெனத் தீர்த்து ஆசிரியரையும் நட்டஈடு செலுத்தப் பணித்தது. சட்டத்தை விடுத்துப் பார்ப்பினும், எழுத்துத் தெரியாதவன் குழப்படி செய்வது தெரியாமையை மறைத்தற்கே. வாசிக்கத் தொடங்கியபின் அவன் குழப்படி குறைவதைப் பொறுமையுள்ள ஆசிரியர் யாரும் காணலாம்.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். விழாக்காலத்தில் மண்டபத்துக்கும் வாயில் வளைவுக்கும் நன்கொடை சேர்வது இயல்பு. அதனை நாம் குறைகூறவில்லை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் அன்பர்கள் பக்கத்துக்கு நாலைந்து வரியாய்ப் பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறு கதைநூல்கள் ஒரு பெட்டி அனுப்புவார்களாயின் அது நாளும் கைக்குக் கை மாறும். ஊரில் உள்ளோரிடம் நாம் கேட்பது வேறு. கிழமையில் இரண்டு நாள், பாடசாலை விட்டபின் ஒரு மணித்தியாலம், பிள்ளைகளின் பக்கத்தில் அமர்ந்து அவர்கள் வாசிப்பதைக் கேட்டிருக்க இருவர் மூவர் வேண்டும். கற்பிக்க வேண்டுவதில்லை. இளைப்பாறிய ஆசிரியர்களுள் இதற்கு இசைவோர் தம் பெயரை அதிபரிடம் கொடுத்தால் வருந்தவணையிலேயே தொடங்கலாம்.