ரூட்டுக்குள்ளே மைனஸ் மட்டும்தான் பிரச்சினையா?

கொல்லிமலை ஆகாய கங்கை அருவியின் உயரம் சுமார் 300 அடி. 90 மீட்டர்னு வெச்சுக்கலாம். உச்சியிலிருந்து நழுவி விழும் ஒரு கல், தரைக்கு மேலே 'உ' மீட்டர் உயரத்துக்கு வர ஆகும் நேரம், காற்றுத் தடையை விட்டுட்டா, √((90 − உ)/4.9) விநாடி.

டொமைன் கேட்டா, ரூட்டுக்குள்ளே இருப்பது ≥ 0-னு போட்டு, உ ≤ 90-னு முடிச்சிடுவோம். முழு மார்க்!

ஆனா உ = −20 போட்டுப் பாருங்க. 4.7 விநாடினு ஃபார்முலா கூசாம பதில் சொல்லும். கல் தரையைத் துளைச்சு 20 மீட்டர் கீழே போயிடுச்சாம்!

அல்ஜீப்ரா தருவது மேல் எல்லையை மட்டும்தான். கீழ் எல்லையான 0-வைத் தருவது தரை. மைனஸுக்கு ரூட் எடுத்தா கால்குலேட்டராவது எரர் காட்டும். இந்தத் தப்புக்கு எதுவும் காட்டாது. நாளைக்கு பாலமும் பிரேக்கும் டிசைன் பண்ணப்போற நம்மகிட்ட, பரீட்சையில் இந்த ரெண்டாவது எல்லையையும் கேட்கணும்.