நூற்று ஐம்பது கைகள்

புதிய அரசியலமைப்பு பற்றிய பேச்சு மறுபடியும் அடிபடுகிறது. லயத்தில் இதைப் பற்றி வாய் திறந்தால், "அதெல்லாம் கொழும்புக் கதை, சம்பளம் கூடுமான்னு சொல்லுங்க" என்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரு கொழும்புக் கதைதான் நம் பாட்டன்மாரின் வாக்கைப் பறித்தது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்கும் போனது. ஒரு சமூகத்தாருக்கு மட்டும் பாதகமான சட்டம் செய்யக்கூடாது என்று அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கோடாகன்பிள்ளை வழக்கில் அந்தப் பிரிவைக் காட்டி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனோம். 1953இல் தீர்ப்பு வந்தது: இது யார் பிரஜை என்று தீர்மானிக்கும் சட்டம், ஒரு சமூகத்துக்கு எதிரானதல்ல. சட்டத்தில் நம் பெயர் இல்லையாம். நாடற்றுப் போனது மட்டும் நாம்!

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கும் இப்படி ஒரு தீர்ப்பு கிடைத்தது. அவர்கள் பிரஜைகளாகவே முடியாது என்று 1857இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. உள்நாட்டு யுத்தம் முடிந்து 1868இல் 14ஆவது திருத்தம் வந்தது. அந்த மண்ணில் பிறந்து அதன் சட்டத்துக்கு உட்பட்டவர் பிரஜை என்று அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். சீனப் பெற்றோருக்கு சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வொங் கிம் ஆர்க், 1898இல் அதை வைத்துத்தான் வழக்கில் வென்றார். மாத்தளையில் காப்பிக் காலத்து லயத்தில் பிறந்தவனின் பேரனுக்கு அப்படி ஒரு வரி இருக்கவில்லை. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி பிறகு பார்க்கலாம் என்று. எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

அமெரிக்காவில் அந்த வரியைத் திருத்த இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், பிறகு 50 மாநிலங்களில் 38இன் சம்மதமும் வேண்டும். நம் நாட்டில்? மதச் சுதந்திரம் சொல்லும் 10ஆம் உறுப்புரையையும் சித்திரவதையைத் தடுக்கும் 11ஆம் உறுப்புரையையும் மாற்றுவதற்கு மக்கள் தீர்ப்பு வேண்டும். சமத்துவம் சொல்லும் 12க்கும், பேச்சு, கூட்டம், தொழிற்சங்கம் ஆகிய உரிமைகளைத் தரும் 14க்கும் அந்தக் காவல் இல்லை. 225 பேரில் 150 கைகள் உயர்ந்தால் போதும். 2024 தேர்தலில் ஒரே கட்சிக்கு 159 ஆசனம் கிடைத்தது. அவர்கள் செய்வார்கள் என்று நாம் சொல்லவில்லை. 1947இல் வாக்குப் போட்டவர்களும் இப்படி நடக்கும் என்று நினைத்திருக்கமாட்டார்கள்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. அடிப்படை உரிமை வழக்கை அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகத்தான் போடலாம். பொலிஸ் அடித்தால் உயர் நீதிமன்றம் போகலாம். தனியார் கம்பனி சங்கத்தில் சேர்ந்ததற்காகப் பழிவாங்கினால் அந்தக் கதவு திறக்காது, தொழில் சட்டங்களைத்தான் பிடிக்கவேண்டும். புதிய அரசியலமைப்பில் இந்த இரண்டையும் சரிசெய்யவேண்டும் என்பது நம் சங்கத்தின் கோரிக்கை: 12, 14க்கு மக்கள் தீர்ப்பின் காவல், முதலாளிக்கு எதிராகவும் செல்லும் உரிமை.

கோரிக்கை நிறைவேறும் வரை கையிலுள்ளதையாவது விடாமல் இருப்போம். சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக வைத்திருந்த கடிதமொன்றைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தார். ஓர் அரச அலுவலகம் சிங்களத்தில் அனுப்பியது. வீட்டுப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டதாக அதில் இருந்தது. வந்து ஏழு வாரம். உயர் நீதிமன்றம் போவதற்கான காலமோ ஒரு மாதம்தான். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அந்த மாதத்துக்குள் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. அதுவும் தவறிப்போனது. மாத்தளையில் நிர்வாக மொழி சிங்களமாக இருந்தாலும், அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமை 1988இன் 16ஆவது திருத்தத்திலிருந்து நமக்கு உண்டு. அந்த அம்மாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. சங்கமான நாமும் சொல்லவில்லை.

ஆகவே அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்கு வரும்போது, வீட்டில் விளங்காத மொழியில் வந்து கிடக்கும் கடிதங்களைக் கையோடு கொண்டு வாருங்கள். உறையை வீசிவிடாதீர்கள், தபால் முத்திரைத் திகதி அதில்தான் இருக்கிறது.