ஆவாரையும் அறிவும்

பட்டணவாசிகள் ஆவாரம்பூவைக் கடையில் பொட்டலமாய்க் காசு கொடுத்து வாங்குகின்றார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் போன்ற ஊர்க்காரர்களுக்கோ அது மேட்டு நிலத்தில் தானாய் முளைக்கும் செடி. இந்தச் செடி பூத்திருக்கும் ஊரில் சாவாரே இல்லையென்பதாக நம்மவர்களுக்குள் ஒரு பழமொழி வழங்கி வருகின்றது.

ஆவாரை பூக்காத ஜில்லா நமது நாட்டில் எது? சாவு இல்லாத ஊர்தான் எது? சுடுகாட்டுப் பாதையில் ஆவாரை பூத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே பிணத்தைச் சுமந்து போகிறவன், வீடு திரும்பியதும் அதே பழமொழியைச் சொல்லுவானானால், கண்ணால் கண்டதைவிடக் காதால் கேட்டதையே அவன் நம்புகின்றான் என்றுதானே அர்த்தம்?

இது வெறும் பேச்சோடு போவதானால் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் நீரிழிவுக்காரர் ஒருவர் மாத்திரையையும் இன்சுலின் ஊசியையும் நிறுத்திவிட்டு, முன்னோர் வைத்தியம் என்று ஆவாரம்பூக் கஷாயத்தை மாத்திரம் நம்புவாரேயானால், கண்ணும் சிறுநீரகமும் கெட்டு, கால் புண் ஆறாமல் காலையே வெட்டும்படி நேரலாம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி இந்நாட்டில் நீரிழிவுக்காரர்கள் 10.1 கோடிப் பேர். ஆகவே இது அற்ப சங்கதியல்ல.

நாம் ஆவாரைக்கு விரோதிகளல்ல. 2002-இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஆவாரம்பூச் சாற்றைக் கொடுத்துப் பார்த்ததில், அவற்றின் இரத்தச் சர்க்கரை குறைந்தது. நல்ல சேதிதான். ஆனால் எலிக்கு ஆனது மனிதனுக்கும் ஆகுமா, எவ்வளவு, எத்தனை நாள் என்று சோதித்துத்தான் சொல்ல வேண்டும். இன்சுலினுக்கு அது ஈடு என்பது ருஜுவாகவில்லை. "பூதானே, கெடுதி செய்யாது" என்பதும் சரியல்ல. 2004-இல் வெளியான இலங்கை ஆராய்ச்சியொன்றில், ஆவாரைத் தேநீர் கொடுக்கப்பட்ட எலிகளின் இரத்தத்தில் கார்பமசெபின் என்னும் வலிப்பு மருந்தின் அளவு ஏறிவிட்டது. குணம் செய்யும் சக்தியுள்ள பொருளுக்குத் தீமை செய்யும் சக்தியும் உண்டு.

பின் செடியிலிருந்து மருந்து வருவதேயில்லையா என்றால், வருகின்றது. ஐரோப்பாவில் கலீகா என்றொரு செடியை நாட்டு வைத்தியத்தில் உபயோகித்து வந்தார்கள். அதிலுள்ள பொருள் சர்க்கரையைக் குறைப்பதையும், அது நஞ்சு என்பதையும் சோதித்தறிந்தார்கள். அதையொத்த தீங்கு குறைந்த பொருளொன்று 1922-இல் செய்யப்பட்டது. 1957-இல் பிரான்சு டாக்டர் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பலனை வெளியிட்டார். இன்று நீரிழிவுக்காரர் விழுங்கும் மெட்பார்மின் அதுதான். அவர்கள் கலீகாவுக்குப் பழமொழி கட்டவில்லை, பரீட்சை வைத்தார்கள்.

நிற்க, ஆவாரையிலும் நன்றாய்ப் பரீட்சையான பாகம் ஒன்றுண்டு. அது அதன் பட்டை. அதிலுள்ள துவர்ப்பொருள் தோலோடு சேர்ந்து அதை அழுகாமல் காக்கின்றது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வேலம்பட்டை வந்து சேருமுன் சென்னை மாகாணத்துத் தோல் பதனிடும் தொழிலுக்கு ஆவாரம்பட்டையே ஆதாரமாயிருந்தது. பூவைப் பொங்கலுக்குக் காப்புக்கட்டிக் கொண்டாடுகிறவர்கள், பட்டையின் குணத்தைத் தினம் தினம் கையால் சோதித்து அறிந்த தோல் தொழிலாளியை மாத்திரம் தீண்டத்தகாதவன் என்றார்களே, இது என்ன யோக்கியதை? சோதித்தவனுக்கு இழிவு, சோதிக்காத பேச்சுக்குப் பெருமை!

ஆகவே ஆவாரையைத் தாராளமாய் வளருங்கள். விதையின் தோல் கெட்டியானதால் இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, மழை துவக்கத்தில் விதைத்தால் போதும், வறட்சியைத் தாங்கும். தழை வயலுக்கு உரமாகும், பூ காசாகும். பூவைக் காய்ச்சிக் குடிக்க ஆசையுள்ளவர்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையைச் சோதிக்கக் காசில்லை. கஷாயம் வேலை செய்கிறதா என்பதைப் பழமொழி சொல்லாது. அந்தச் சோதனை சொல்லும். தாத்தா சொன்னார் என்பதற்காக ஒன்றைத் தள்ளவும் வேண்டாம், கொள்ளவும் வேண்டாம். சோதித்துப் பார்த்துக் கொள்ளுங்கள் என்றுதான் சொல்லுகின்றோம்.