ஓட்டத்தின் மேல் விழும் பழி

"ஓடப் போறதைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா தீசிஸ் சீக்கிரம் முடியும்மா." இதை நான் யார் யாரிடமிருந்தெல்லாம்தான் கேட்பது? கைடு சொல்கிறார். பக்கத்து லேப் பேராசிரியர் லிஃப்டில் பார்த்தால் சொல்கிறார். கோவில்பட்டியிலிருந்து போனில் அம்மா சொல்கிறார். நான் என்ன படிக்கிறேன் என்பதே இன்னும் பிடிபடாத சித்தப்பாவும் இதில் மட்டும் உறுதியாக இருக்கிறார். அக்கறையில்தான் சொல்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு தப்பு. என் நேரத்தைத் தின்பது எது என்று எனக்குத் தெரியும், அது ஓட்டம் இல்லை. தெரிந்தும் ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டு நகர வேண்டியிருக்கிறதே, அதுதான் ஆறவில்லை.

நான் பழ ஈக்களை வைத்து ஆய்வு செய்பவள். கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்குமே, அந்தச் சின்ன ஈ, டிரோசோஃபிலா. 25 டிகிரியில் வைத்தால் முட்டை ஈயாக ஏறக்குறைய 10 நாள். இரண்டு வகை ஈக்களைக் கலப்பு செய்ய வேண்டுமென்றால், அதுவரை எந்த ஆணோடும் கூடாத பெண் ஈ வேண்டும். லேபில் இதை 'வர்ஜின் எடுக்கிறது' என்போம். கூட்டுப்புழு ஓட்டை உடைத்து வெளியே வந்த பெண் ஈ, அந்த 25 டிகிரியில், முதல் 8 மணி நேரத்துக்கு ஆணைச் சேர்க்காது. அதற்குள் குப்பியைத் திறந்து, கார்பன் டை ஆக்சைடு விட்டு மயக்கி, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் தூரிகை முனையால் ஆண் வேறு பெண் வேறாகப் பிரித்துவிட வேண்டும். புதிதாக வந்த ஈ வெளிறி இருக்கும், வயிற்றில் ஒரு கரும்புள்ளி தெரியும். ஒரே ஒரு ஆண் கண்ணுக்குத் தப்பி உள்ளே கிடந்தால் அந்தக் குப்பி முழுவதும் போச்சு. போனது தெரியவே இன்னும் சில நாள் ஆகும்.

இந்த ஈக்கள் பெரும்பாலும் விடியலில்தான் வெளிவரும். 1971-இல் ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும், வெளிவரும் நேரம் பிசகிய ஈக்களைத் தேடிப் பிடித்துத்தான் உடலுக்குள் ஓடும் கடிகாரத்துக்குக் காரணமான மரபணு ஒன்றை அடையாளம் கண்டார்கள். அந்தக் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பதை அவிழ்த்த மூன்று பேருக்கு 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. ஆக, என் ஈக்கள் நேரம் தவறாதவை.

சென்னையில் ஓடுகிறவர்களுக்கும் விடியலை விட்டால் வேறு நேரம் கிடையாது. இங்கே வெயிலை விடப் பெரிய எதிரி காற்றிலுள்ள ஈரம். வியர்வை கொட்டும், ஆனால் ஆவியாகாது. ஆவியானால்தானே உடம்பு குளிரும்? எட்டு மணிக்கு மேல் தூர ஓட்டம் ஓடினால் இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும், கால் பின்னும். ஜனவரியில் நடக்கும் மாரத்தானுக்கு, அதாவது 42.195 கிலோமீட்டருக்கு, செப்டம்பரிலிருந்து ஆயத்தம் செய்ய வேண்டும். நாலு மாதப் பயிற்சியில் வார நாட்களின் சின்ன ஓட்டங்களை எப்படியாவது எங்கேயாவது நுழைத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை தூர ஓட்டத்தைத்தான் நுழைக்க முடியாது. 30 கிலோமீட்டர் என்றால் என் வேகத்துக்கு மூன்றேகால் மணி நேரம். நாலேகாலுக்குத் தொடங்கினால் ஏழரைக்கு முடியும்.

இப்படிச் சொன்னதும் எல்லோரும், "அதான் பாரு, ரெண்டும் ஒரே நேரத்துல வருது, ஒண்ணை விட்டுடு" என்கிறார்கள். இந்த முடிச்சை ஈ ஆராய்ச்சிக்காரர்கள் என்றைக்கோ அவிழ்த்துவிட்டார்கள். குப்பிகளை 18 டிகிரிக்கு மாற்றினால் ஈயின் வாழ்க்கையே மெதுவாகிவிடும். 8 மணி நேரக் கெடு ஏறத்தாழ 16 மணி நேரமாக நீளும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பழைய ஈக்களை எல்லாம் வெளியேற்றிவிட்டு, குப்பிகளை 18 டிகிரி இன்குபேட்டருக்குள் வைத்தால், மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நிதானமாக வந்து வர்ஜின் எடுக்கலாம். நடுவில் நான் தூங்கவும் செய்வேன், ஓடவும் செய்வேன், குளித்துச் சாப்பிடவும் செய்வேன். முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. ஈயும் ஒத்துழைத்தது, காலும் ஒத்துழைத்தது.

ஏப்ரலில் அந்த 18 டிகிரி இன்குபேட்டரின் கம்ப்ரஸர் போனது.

கம்ப்ரஸர் மாற்றுவது ஒரு மெக்கானிக்குக்கு ஒரு பகல் வேலை. ஆனால் அதற்கு மூன்று கொட்டேஷன் வேண்டும். மூன்றும் வந்தபோது ஒன்றில் வரி தனியாகக் காட்டப்படவில்லை என்று கோப்பு திரும்பியது. திருத்திக் கொடுத்தபோது கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருந்தார். பிறகு, பழுதுபார்ப்புக்கு எந்தத் தலைப்பில் நிதி எடுப்பது என்று ஒரு கேள்வி எழுந்தது. ஆயுதபூஜையன்று எல்லாக் கருவிகளோடும் சேர்த்து அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னொரு 25 டிகிரி இன்குபேட்டர் இருக்கிறது. அதில் விளக்கு எரியும் நேரத்தை மாற்றினால் ஈக்களின் விடியலையே தள்ளிவைக்கலாம். ஆனால் அதை மூன்று லேப்கள் பகிர்ந்துகொள்கின்றன. என் ஓட்டத்துக்காக அடுத்தவர் சோதனையைக் கலைக்க முடியுமா?

அதனால் இப்போது இரவு பதினொரு மணிக்குக் குப்பிகளைக் காலி செய்கிறேன், காலை ஏழுக்குள் திரும்ப வந்து நிற்கிறேன். சனி இரவும் அப்படித்தான், ஞாயிறும் அப்படித்தான். என் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டது ஆய்வு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். எடுத்துக்கொண்டது அந்தக் கோப்பு.

இதில் இன்னொருவரும் அடிபடுகிறார். தூர ஓட்டத்துக்கு நாங்கள் நாலைந்து பெண்கள் பெசன்ட் நகரில் சேருவோம். அடையாறு பாலம், சாந்தோம், மெரினா வழியாக நேப்பியர் பாலம் வரை போய்த் திரும்பி, மிச்சத் தூரத்தை அங்கேயே சுற்றி முடிப்போம். ஒருவர் வங்கி அதிகாரி, ஒருவர் நர்ஸ், ஒருவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். இருட்டில், தெருநாய்களுக்கு நடுவில், தனியாக ஓட அவர்கள் வீடுகளில் விட மாட்டார்கள்; எனக்கும் தைரியம் கிடையாது. ஜோடி சேர்ந்தால்தான் ஓட்டம். நர்ஸ் அக்காவின் வேகமும் என் வேகமும் ஒன்று. நான் ராத்திரி பத்து மணிக்கு "நாளைக்கு முடியாதுக்கா" என்று செய்தி அனுப்பினால், வார்டில் ஷிஃப்ட் மாற்றி, பிள்ளையை மாமியாரிடம் விட்டு, எல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருக்கும் அவரின் ஞாயிறும் போகிறது. அவர் ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை. "பரவால்ல, ஈ பொறக்கறதை நாம நிறுத்த முடியுமா?" என்று பதில் போடுகிறார். ஈ பிறப்பதை அல்ல அக்கா, நிறுத்தி வைத்திருப்பது வேறொன்றை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, நீண்ட ஓட்டங்கள் எல்லாம் அந்த மாதங்களில்தான் விழுகின்றன. வேளச்சேரியில் முழங்கால் தண்ணீரில் ஓட முடியாது. அதில் எனக்கு யார் மேலும் வருத்தமில்லை. மழைக்குப் போகிற ஞாயிறுகளே போதுமென்றிருக்கும்போது, மிச்சமிருக்கும் ஞாயிறுகளையும் ஒரு வரித் திருத்தத்துக்குக் கொடுக்க வேண்டியிருப்பதை நினைத்தால்தான் வயிறெரிகிறது.

காத்திருப்பு அதோடு முடிவதில்லை. நாளைக் காலை எட்டு மணிக்கு லேப் மீட்டிங் என்று இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் வரும். எட்டுக்குப் போய் உட்கார்ந்தால் பத்தரைக்குத் தொடங்கும். அந்த இரண்டரை மணி நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. டி.சி. (டாக்டரல் கமிட்டி) மீட்டிங் தள்ளிப்போகும், அதற்கான காரணமும் வராது, அடுத்த தேதியும் வராது. கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இருப்பது ஒன்றே ஒன்று, முழுத் தளத்துக்கும். ஈத்தீனி காய்ச்ச மாவும் அகாரும் ஈஸ்ட்டும் தீர்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தால், தீர்ந்து இரண்டு வாரம் கழித்து வரும். ஒரு மாதத்தில் நான் இப்படி உட்கார்ந்து இழந்த நேரத்தைக் கூட்டினால், அதே மாதத்தில் ஓடிய நேரத்தைவிடக் கூடுதலாகத்தான் வரும். இருந்தும், தேநீர் மேசையில் காத்திருப்பவள் பொறுப்பான ஸ்காலர், காலையில் ஓடிவிட்டு வந்தவள் கவனம் சிதறியவள்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். எனக்கு நான்காம் ஆண்டு நடக்கிறது; கூடுதல் தொகைக்கான ஆணை இன்னும் ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது. பழைய தொகையும் மாதாமாதம் வருவதில்லை, சேர்ந்தாற்போல் எப்போதாவது வரும். வீட்டுக்காரருக்கு ஐந்தாம் தேதி வாடகை கொடுத்தாக வேண்டும். ஓடும் ஷூ 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அமுங்கிப் போகும். அமுங்கிய ஷூவில் தொடர்ந்து ஓடும்போது கெண்டைக்காலில் வலி தொடங்கினால், "அளவுக்கு மீறி ஓடுற, அதான்" என்கிறார்கள்.

சாப்பாடும் அப்படித்தான். மெஸ்ஸில் காலைச் சாப்பாடு ஒன்பது மணியோடு முடியும். ஏழு மணிக்கு ஈ பிரிக்க உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். மெஸ் அண்ணா பாவம், சில நாள் நாலு இட்லி எடுத்து மூடி வைத்திருப்பார். மற்ற நாள் காபியும் பிஸ்கட்டும்தான். போன வருடம் ரத்தப் பரிசோதனையில் என் இரும்புச் சேமிப்பு அடிமட்டத்தில் இருந்தது. டாக்டரம்மா மாத்திரையோடு காபியைச் சேர்க்காதே, உறிஞ்ச விடாது என்றார். வீட்டில் உடனே முடிவு கட்டிவிட்டார்கள்: ஓட்டம்தான் காரணம். தூரம் ஓடும் பெண்களுக்கு இரும்பு குறைவது உண்டு, உண்மைதான். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில், 15 முதல் 49 வயதுக்குள், 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்கள் எல்லோரும் மாரத்தான் ஓடுகிறவர்களா? எனக்கு வேண்டியது நேரத்துக்கு ஒரு தட்டுச் சாப்பாடு. அம்மாவிடம் இதைச் சொன்னால், "உடம்பு இப்படி வத்திப் போச்சே தாயி" என்று அழுகிறார். பெரியம்மாவுக்கோ நான் கறுத்துவிட்டேன் என்று கவலை. நான் ஓடுவது வெயில் ஏறுவதற்கு முன்னால், பெரியம்மா.

ஆன்னா கீசன்ஹோஃபரைப் பற்றி எங்கள் துறையில் பேசாதவர்கள் இல்லை. கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்ற ஆஸ்திரியப் பெண், டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், சாலை சைக்கிள் பந்தயத்தில் தொழில்முறை அணியும் பயிற்சியாளரும் இல்லாமல் தங்கம் வென்றவர். ரோஜர் பானிஸ்டரையும் சொல்வார்கள். 1954 மே 6 அன்று ஒரு மைலை முதன்முதலாக 4 நிமிடத்துக்குள், 3 நிமிடம் 59.4 விநாடியில், ஓடியபோது அவர் லண்டனில் மருத்துவ மாணவர். மேடையில் இவர்களைப் புகழ்கிறவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறார்கள். பானிஸ்டரின் பயிற்சி பெரும்பாலும் மதிய உணவு இடைவேளையில், மருத்துவமனைக்குப் பக்கத்து மைதானத்தில். அந்த இடைவேளை தினமும் அவருடையதாக இருந்தது, அதை வைத்து அவரால் திட்டமிட முடிந்தது. திறமையைப் பாராட்டுவதற்கு முன்னால் அந்த இடைவேளையைப் பாருங்கள் என்று எனக்குக் கத்தத் தோன்றும். என் ஓட்டம் அவர்கள் பக்கத்தில் வைக்கத் தக்கதல்ல. ஆனாலும் எனக்கு வேண்டியதும் அப்படித் திட்டமிட முடிகிற நேரம்தான்.

ஏன் விடமாட்டேன் என்கிறாய் என்று கைடு ஒருநாள் உண்மையாகவே கேட்டார். நல்ல மனிதர், அவருக்கும் மேலே ஆயிரம் கோப்புகள். ஒரு கலப்பு வேலை செய்யவில்லை என்று தெரிய மாதக்கணக்கில் ஆகிறது சார், காரணம் தெரிய இன்னும் அதிகமாகிறது, ஓட்டத்தில் மட்டும் உழைத்தது அந்த வாரமே காலில் தெரிகிறது, அது இல்லாவிட்டால் இந்த மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார எனக்குத் தெம்பு இருக்காது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, கோப்பு எங்க நிக்குதுன்னு கேக்கறேன்" என்றார்.

கேட்டார். போன வாரம் பதில் வந்தது. மூன்று கொட்டேஷன்களுக்கும் கெடு முடிந்துவிட்டதாம், புதிதாக வாங்கித் தர வேண்டுமாம். இன்று மத்தியானம் மூன்று கடைகளுக்கும் போன் செய்தேன், இரண்டு பேர் அனுப்புவதாகச் சொன்னார்கள். மூன்றாமவர் எடுக்கவில்லை, நாளைக்கு நேரில் போகிறேன். எங்கள் லேப் கட்டடத்தின் தரைத்தளக் குளியலறையில் பழைய அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள், ஓடிவிட்டு வந்து குளிக்க அதைத் திறந்து தரச் சொல்லியும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். மீட்டிங் நேரத்தை முந்தின நாள் மாலைக்குள் சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிட்டேன். எங்கள் தளத்து ஸ்காலர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அவர்களில் என்னைத் தவிர யாரும் ஓடுவதில்லை.